உட்கார்ந்தே ஆடும் ஆட்டங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான், உன் அப்பா, உன் பிள்ளை வாண்டு மூவரும் நலம். வேலைக்குப் போன ஊரில் நீயும் நலம் என்று ஒவ்வொரு முறையும் போனில் சொல்கிறாய். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறாய் என்பதுதான் உறுத்துகிறது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றுகொள்கிறார். இந்தக் கடிதம் அவரைப் பற்றியது. ஆகையால் அச்சகத்துக்குப் பிழை திருத்திய மெய்ப்புகளைக் கொடுக்கப் போகும் வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுவேன்.

முதலில், வாண்டை வீட்டுக்குள்ளேயே விளையாட வைக்க நீ அனுப்பிய யோசனைகள். அவற்றை எழுதியவருக்குக் குழந்தை உண்டா என்பதே எனக்குச் சந்தேகம். சமையலறைச் சாமான்களைக் கொடுத்துவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம் என்கிறார். கிண்ணமும் மூடியும் மரக்கரண்டியும் கொடுத்தேன். வாண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். நேற்றுவரை தொடாதே என்று பிடுங்கியவள் இன்று தானாக நீட்டுகிறாளே, இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தவனாகக் கரண்டியை விட்டுவிட்டு என் கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டான். பிறகு மனம் மாறிக் கிண்ணத்தைத் தட்டத் தொடங்கினான். கீழ்வீட்டு வங்கிக்காரர் படியேறி வந்து, "மேல ரிப்பேர் வேலை ஏதாவது நடக்குதுங்களா" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். ஆமாம், இன்னும் ஒரு வருஷம் நடக்கும் என்றேன். துணிக் கிளிப்புகளைப் பெரிய டப்பாவில் போட்டு எடுக்கும் ஆட்டம் பரவாயில்லை. ஒவ்வொன்றாகப் போட்டு நிரப்புவான், நிரம்பியதும் கவிழ்ப்பான், மறுபடி முதலிலிருந்து. நம் தெருவில் சாலை போடுகிறவர்களும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். கைக்குட்டைகளை டப்பாவில் திணித்து மூடியில் துளையிட்டுக் கொடுத்தால் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, கடைசியில் காலி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவி, நான் எதையோ மறைத்துவிட்டேன் என்று என்னைப் பார்க்கிறான். கசக்கி விளையாடக் காகிதம் கொடுங்கள் என்றதை மட்டும் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். பழைய மெய்ப்பில் ஒரு காற்புள்ளியை விழுங்கிவிட்டான். முற்றுப்புள்ளிக்குப் போவதற்குள் வாயில் விரலை விட்டு மிச்சத்தை எடுத்தேன். மாப்பிள்ளை வார விடுமுறையில் வந்தால் அவனைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். அது உன் யோசனைகளில் இல்லை, ஆனால் வாண்டுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அப்புறம் அப்பனும் பிள்ளையும் சோபாவிலேயே தூங்கிவிடுகிறார்கள், அப்பன் முதலில். துண்டால் முகத்தை மூடிக் காணோம் காணோம் இதோ என்று ஆடும் ஆட்டத்தை அவன் இப்போது உன்னிடமும் ஆடுகிறான். நீ போனில் முகம் காட்டியதும் அவன் சிரித்துவிட்டு போனைத் திருப்பி அதன் பின்பக்கம் பார்க்கிறானே, கவனித்தாயா? அங்கே யாரும் இல்லை என்றதும் உன் அப்பா முகம் போகிற போக்கை நீ பார்க்க முடியாது. எனக்குத் தெரிகிறது.

எல்லாவற்றிலும் உருப்படியான யோசனை சோபா ஓரத்தில் கரண்டிகளை இடைவெளி விட்டு வைப்பதுதான். பிடித்துக்கொண்டு எழுந்து, ஒன்றை எடுத்துக் கீழே போட்டு, அடுத்ததற்கு நகர்ந்து, ஏதோ சரக்கை ஆய்வு செய்ய வந்த அதிகாரிபோல் கோடி வரை போவான். முதலில் இரண்டு கையாலும் பிடித்தான், அப்புறம் ஒரு கை. இதைப் பார்த்து வீட்டில் அதிகம் குதித்தது உன் அப்பாதான். அதனால்தான் பின்னால் நடந்ததில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் கரண்டிகள் சோபாவில் இல்லை, தரையில் கிடந்தன. கேட்டால், மேலேயிருந்து விழுந்தால் சத்தம் கேட்கிறது, கீழ்வீட்டுக்காரர் பாவம் என்றார். உன் அப்பா கீழ்வீட்டுக்காரருக்காகப் பரிதாபப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் சோபா மெத்தைகள் கீழே வந்தன, அவன் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்கடுத்து முக்காலியைக் காணோம். "ஏங்க, முக்காலி எங்க" என்றேன். பரண்ல இருக்கு, காலு ஆடுது என்றார். "நேத்து நான் அதுமேல ஏறி நின்னுதான பல்பு மாத்தினேன்" என்றேன். "அதனாலதான் ஆடுது" என்றார். உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம், பாக்கற வேலை அப்படி என்று வேறு சொன்னார். முழங்கால் வலியை மறைக்கிறாரோ, குழந்தையின் பின்னாலேயே குனிந்து நடக்க முடியவில்லையோ என்று நினைத்து இரவில் தைலத்தை அவர் தலையணை அருகில் வைத்தேன். அதை எடுத்துத் தலைக்குத் தேய்த்துக்கொண்டார்.

நேற்று முன்தினம் மத்தியானம் உள்ளறையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தவள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். வாண்டு பிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்து எழுந்து நின்றிருந்தான். ஒரு கையை விட்டான். இன்னொரு கையையும் விட்டான். விட்டுவிட்டு நின்றான். உன் அப்பா அவன் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து, கண்ணாடிச் சாமானைக் கீழே வைப்பதுபோல் மெதுவாக உட்கார வைத்தார். "உக்காரு தங்கம். அம்மா வரட்டும், அப்புறம் நிக்கலாம். அம்மா பாக்கணும்ல" என்று காதோடு சொல்லிக் கையில் மூடியைக் கொடுத்தார். வாண்டு மூடியை வீசிவிட்டு மறுபடி எழுந்தான். மறுபடி உட்கார வைத்தார். அவனுக்கு இது புது ஆட்டம் என்று நினைப்பு, எழுந்திருப்பதும் உட்காருவதும் சிரிப்புமாக இருந்தான். நீ அனுப்பியவற்றில் எதற்கும் அவன் அப்படிச் சிரிக்கவில்லை. நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

உட்கார்ந்து யோசித்தேன். கரண்டி தரைக்கு வந்தது நீ போனில் பேசியதற்கு மறுநாள். அன்று நீ என்ன சொன்னாய் என்று நினைத்துப் பார். முதலில் வேலைக்காக இங்கிருந்து கிளம்பும்போது, "அவன் நடக்கறதுக்குள்ள வந்துடுவேன்பா" என்று உன் அப்பாவிடம் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை, நான் எந்த மாதம் என்று கேட்பேன் என்று உனக்குத் தெரியும். அதன்பிறகு ஒவ்வொரு முறையும், வந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு அங்கே போவேன், வந்ததும் இதை வாங்குவேன் என்றுதான் பேசினாய். அன்றைக்கு, "நான் வந்தா அவனுக்குத் தள்ளிக்கிட்டு நடக்கற வண்டி வாங்கித் தரேன்" என்றாய். வந்ததும் என்பது வந்தா என்று ஆகிவிட்டது. பேச்சில் அப்படித்தான் வரும், அம்மா எதையும் விடமாட்டாள் என்பாய். ஆனால் நான் மட்டும் அதைக் கவனித்திருந்தால் பரவாயில்லை. ஆயுளெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர், ஒரு கடிதம்கூடப் பிழையில்லாமல் எழுதாதவர், அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டு அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

நேற்று முன்தினம் ராத்திரி சாப்பிடும்போது கேட்டே விட்டேன். லிஃப்ட்ட ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்தின மாதிரி நிறுத்தி வெச்சிருக்கீங்களே, உள்ள குழந்தை இருக்குங்க என்றேன். நிறுத்தல, மெதுவா இறக்கறேன் என்றார். சோற்றைப் பிசைந்தபடியே, "அவ இவன் நடக்கறதுக்குள்ள வரேன்னா. இவன் நடந்துட்டா, அப்புறம் அவ எதுக்குள்ள வருவா" என்றார். இத்தனை வருடமாகப் பிறர் வாக்கியங்களில் ஓட்டை தேடுகிறவள் நான். இதில் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "காத்துக்கிட்டிருக்கறது நம்ம வேலைங்க. அதுல இவன எதுக்குச் சேக்கறீங்க" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். ஆனால் மறுநாள் வாண்டு பிரிட்ஜைப் பிடித்து எழுந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வாண்டு திரும்பிப் பார்த்தான், யாரும் உட்கார வைக்க வரவில்லையே என்று சற்று யோசித்தான், பிறகு நடந்தான். கை நீட்டிக்கொண்டிருந்த என்னையும் நீட்டாமல் நின்ற அவரையும் தாண்டி, சுற்றிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினிடம் போய் அதன் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டான். நான் போனை எடுக்கப் போனேன், உன் அப்பா கையைப் பிடித்துவிட்டார். இதெல்லாம் நடை இல்ல, எதையோ பிடிக்கப் போனான், அவகிட்ட சொல்லி வைக்காத என்றார். சொல்லிக்கொண்டே மூக்கைச் சிந்தினார்.

நான் சொல்லிவிட்டேன். குழந்தை நடந்துவிட்டான் என்று பதறி ஓடிவரச் சொல்லவில்லை. அங்கே வேலையை நீட்டிக்கச் சொல்லியிருக்கிறார்களா, நீயும் சரி என்று சொல்லிவிட்டாயா, எத்தனை நாள் என்பதை மட்டும் மறைக்காமல் எழுது. எதுவானாலும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். தெரியாமல் இருப்பதைத்தான் உன் அப்பாவால் தாங்க முடியவில்லை. பதிலை அச்சக முகவரிக்குப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிட்டேன் என்று சொல்வதோடு நிறுத்தாமல் சாப்பிடு. எடுத்த காரியம் நல்லபடியாக முடிந்து, எந்தக் குறையும் இல்லாமல் நீ வந்து சேர வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. இந்த வாரம் போனில் உன் அப்பா, வாண்டு இன்னும் உட்கார்ந்துதான் விளையாடுகிறான் என்பார். அப்படியாப்பா என்று கேட்டுக்கொள். நீ என்றைக்கு வந்தாலும், இப்பத்தான்மா நடக்க ஆரம்பிச்சான், உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தான் போல என்பார். அப்போது அவன் தெருக்கோடி வரை ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிவிடு.

இப்படிக்கு,
எதையும் எளிதில் நம்பாத
உன் அம்மா