துறையில் நின்ற டீசல் கார்

1980 மார்ச் 15, சனி

அல்ஹம்துலில்லாஹ், கார் வீடு வந்து சேர்ந்திட்டுது. இன்னும் என்ட கார் இல்லை. டவுனில விக்கிற மனிசன், "வீட்டில காட்டிப்போட்டு நாளைக்கு முடிவு சொல்லுங்க" எண்டு சாவியைத் தந்தவர். நாலு பிள்ளைகளோட பஸ்ஸில அலைஞ்சது போதும். டீசல் மலிவுதான், ஆனா எனக்குப் பழக்கமில்லை.

கிண்ணியாத் துறையில, காரை ஏத்திவந்த மிதவைப்பாதை கரை தட்டினதும் சாவியைத் திருப்பினன். பெற்றோல் கார் எண்ட நினைப்பு. இருமிப்போட்டு நிண்டிட்டுது. எத்தனை தரம் திருப்பியும் அசையல்ல. பின்னால லொறிக்காரன் ஹோன் அடிக்கிறான். எனக்கு வேர்த்து ஊத்துது.

முதல்ல ஓடிவந்து தோள் குடுத்தது, அதே பாதையில வந்த பக்கத்து வீட்டு மீராசா காக்கா. வேலிச் சண்டைக்குப் பிறகு ரெண்டு வருசமா எங்களுக்குள்ள கதை இல்லை. தம்பலகாமத்தில உழவு மெசின் ஓட்டுறவர். வேற ஆக்களையும் கூப்பிட்டுக் காரைக் கரையில ஏத்திப்போட்டு, "சாவியை அரைவாசி திருப்பி, எஞ்சினுக்குள்ள ஹீட்டர் சூடாகுமட்டும் பொறுங்க. டீசலோட அவசரப்பட ஏலாது" எண்டார். பொறுத்தன். ஸ்டார்ட் ஆகிட்டுது.

அவரையும் ஏத்திக்கொண்டு வந்தன். அவர்ட வாசல்ல, எஞ்சினை நிப்பாட்டப் பயந்து, ஓடவிட்டபடியே "இறங்குங்க காக்கா" எண்டன்.

"நிப்பாட்டுங்க தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். ஸ்டார்ட் ஆகாட்டித் தள்ளுறதுக்கு நான் இருக்கன்தானே."

நிப்பாட்டினன்.

நாளைக்கு டவுனுக்குப் போய் ஓம் எண்டு சொல்லவேணும். காக்காவையும் கூட்டிக்கொண்டு.