அப்பா விழுங்கிய கேப்ஸ்யூல்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். லேபுக்குப் போனதும் முதல் வேலையாக இன்குபேட்டரைத் திறந்தேன். மறுபடியும் அதே முடிவு. வளர்ச்சிக்கான மருந்து மட்டும் விட்ட தட்டில் ரத்தக்குழாய் செல்கள் ஒன்றையொன்று தொட்டு, வலைபோலக் குழாய் கட்டியிருக்கின்றன. கூடவே ஆன்டிஆக்ஸிடன்டும் அதிகமாக விட்ட தட்டில் அப்படி எதுவும் இல்லை. செல்கள் தனித்தனியாக, திக்குத் தெரியாமல்.

‘வளர்’ என்ற செய்தி வெளியிலிருந்து வந்ததும், செல் தனக்குள் கொஞ்சம் ஆக்ஸிடன்ட் உண்டாக்குகிறது. அந்தச் சின்னப் பொறிதான் செய்தியை உள்ளே கடத்துகிறது. பொறி பெருத்தால் செல் கருகும். ஆன்டிஆக்ஸிடன்ட் விட்டு அடியோடு அணைத்தால் செய்தி போய்ச் சேராது. என் ஆராய்ச்சிக்குக் கைடான மேடம் நம்பவில்லை. எங்கேயோ தப்பு செய்திருப்பாய் என்கிறார்.

சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து அம்மா போன். அப்பாவின் கால் புண் ஆறவில்லையாம், ஓரம் கறுத்திருக்கிறதாம். தென்னந்தோப்பில் மட்டை குத்தியது. சர்க்கரைக்காரர். இத்தனை நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

வாங்க வேண்டியவை: பஞ்சு, துணி சோப்பு, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

ஜூலை 9, புதன்

லீவு. கோவை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. பக்கத்தில் யாரோ கொப்பரை விலை பேசிக்கொண்டே வந்தார்.

காலில் சுண்டுவிரல் கறுப்பு. அப்பா வலியே இல்லை என்கிறார். உணர்வே செத்திருக்கலாம், அதுதான் எனக்குப் பயம்.

டிவி பக்கத்தில் மூன்று டப்பா. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, திராட்சை விதைச் சாறு; எல்லாம் ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்று அச்சடித்த கேப்ஸ்யூல்கள். சந்தையில் பழக்கமான ஒருவர் விற்றது. புண் வந்ததிலிருந்து இரண்டு மடங்காக விழுங்குகிறார்.

“நீ ஆராய்ச்சி பண்றியே, அதே பேரு டப்பால போட்டிருந்துச்சு கண்ணு. அதான் நம்பி வாங்கிப்போட்டேன்.”

பெருமையாகத்தான் சொன்னார். டப்பாக்களைத் திருப்பி அளவுகளைப் படித்தேன்.

லேபில் இருப்பது தட்டில் வளரும் செல். இவர் மனிதர். வயிற்றுக்குள் போனதில் எவ்வளவு கால்வரை போகும்? தெரியாது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பதா? நிறுத்துங்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாராம், போனால் வெட்டிவிடுவார்களாம். அம்மா அடுப்படியில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

காப்பி குடித்த பிறகு அவரே கேட்டார். “காலு போயிருமா அம்மணி? மறைக்காம சொல்லு.”

“தெரியலைங்கப்பா. போகாம இருக்கத்தான் கூப்பிடறேன்.”

அப்புறம் அம்மாவிடம் வெளுத்த வேட்டி எடுத்து வைக்கச் சொன்னார்.

ஜூலை 10, வியாழன்

கோவை ஆஸ்பத்திரி. ரத்தக்குழாய் சர்ஜன், என்னைவிட இளையவர். ஸ்கேனில் முழங்காலுக்குக் கீழே அடைப்பு. டப்பாக்களை மேஜையில் வைத்து, என் தட்டுகள் கதையை ஒரே மூச்சில் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். அடைப்பும் சர்க்கரையும்தான் காரணம், கேப்ஸ்யூலைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை என்றார். ஆனாலும் நிறுத்தச் சொன்னார். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்கும்போது, அளவுக்கு மீறிய வைட்டமின் ஈ ரத்தக்கசிவைக் கூட்டலாமாம்.

நாளைக்கு பலூன் வைத்து அடைப்பைத் திறக்க வேண்டும். சுண்டுவிரல் பிழைக்காது.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், தோப்பில் நடக்க முடியுமா என்று. முடியும் என்றதும் கையெழுத்துப் போட்டார். டப்பாக்களை நானே குப்பையில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 11, வெள்ளி

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அம்மாவும் நானும் வராந்தாவில். வாங்கி வந்த இட்லி அப்படியே ஆறிக் கிடக்கிறது.

மேடம் போன். நம்பாமல் என் சோதனையைத் தானே செய்து பார்த்தாராம். அதே முடிவு. நீ செய்ததில் தப்பில்லை என்றார். இவ்வளவு காலம் ஏங்கிய வார்த்தை. அப்பா உள்ளே இருக்கிறார் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அடைப்பு திறந்துவிட்டதாம். சர்ஜன் சொன்னதும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று விரலை எடுத்துவிட்டார்கள். இன்று முதல் கட்டு மாற்றம். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஞ்சால் துடைத்த நர்ஸ், “ஓரத்துல ரத்தம் வருதுங்க. நல்லதுதானுங்க” என்றாள். குனிந்து பார்த்தேன். சிவப்பு. நல்ல சிவப்பு.

அப்பா மெல்லத் திரும்பித் தன் காலைப் பார்த்தார்.

“ஏனுங்க, வெரலை ஆட்டிப் பாக்கலாமுங்களா?”

நர்ஸ் தலையசைத்தாள். ஆட்டினார். மிச்சமிருந்த நாலும் அசைந்தன.