பதினொரு மரங்களையும் வெளியே வைத்தார்கள், மச்சாள்

என் அன்பு யோகம் மச்சாளுக்கு,

கோபத்தோடுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். செத்தவர்களோடு கதைக்கும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்பார்கள். ஒன்பது மாதம் தாழ்த்திப் பார்த்துவிட்டேன். இனி முடியாது.

உங்களை அறியாதவர்களும் இதை வாசிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக நாலு வரி சொல்லிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என் கணவரின் அக்கா. மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து உங்கள் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. புங்குடுதீவு மடத்துவெளியில், உங்கள் ஐயா கட்டிய வீட்டின் கிழக்கு அறையில், சில்லுக் கதிரையில் இருந்தபடி அறுபத்திரண்டு வயது வரை வாழ்ந்தீர்கள். அந்த அறைக்குள் பதினொரு குட்டை மரங்களை வளர்த்தீர்கள். ஏழு ஜேட், நாலு அடேனியம். எல்லாம் தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் சாதி. ஒரு முழத்துக்கு மேல் ஒன்றும் உயரமில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் பார்த்தால் கோயில் வீதியில் நிற்கிற முதுமரத்தைத் தூரத்தில் நின்று பார்ப்பது போல் இருக்கும்.

முதலாவதை நான்தான் வாங்கி வந்தேன். பதினாலு வருஷத்துக்கு முன்னர், நல்லூர்த் திருவிழாக் கடையில். கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் சாடியில் ஆறு தடித்த இலைகளோடு நின்றது. நம் ஊரில் வைத்த பூக்கன்று ஒன்றும் நின்றதில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வருகிறது. சோளகக் காற்று உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் நிற்கிற எல்லாவற்றையும் கருக்கிவிடும். “இதுக்குக் கனக்கத் தண்ணி தேவையில்லையாம் மச்சாள்” என்று சொல்லித்தான் உங்கள் மடியில் வைத்தேன். நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப எனக்குத் தோதான ஆள்தான்” என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததையெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உடைந்த கூரை ஓட்டை இடித்து, அரித்து, கரித்துண்டு கலந்து மண் செய்தீர்கள். கடல் மணலைக் கிட்டவும் விடமாட்டீர்கள். மாரியில் கூரைப் பீலியால் விழுகிற மழைத்தண்ணீரைப் போத்தல் போத்தலாகப் பிடித்துக் கட்டிலுக்குக் கீழ் அடுக்கினீர்கள். பழைய மின்விசிறியின் செப்புக் கம்பியைக் கழற்றிக் கிளைகளுக்குச் சுற்றினீர்கள், அதுவும் மண் நன்றாகக் காய்ந்த நாளில் மட்டும். “தண்ணி குடிச்சிருக்கேக்க வளைச்சா மளுக்கெண்டு முறிஞ்சிடும் கௌரி. கொஞ்சம் வாடியிருந்தால்தான் சொல்லுக் கேக்கும்.” வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு சாடியையும் யன்னல் வெளிச்சத்துக்குக் கால்வாசி திருப்பி வைப்பீர்கள். அன்றைக்கு மட்டும் உங்களை ஒருவரும் கூப்பிடக் கூடாது. மற்ற நாட்களில் எங்கெங்கோ இருந்து ஆட்கள் வாடிய மரத்தின் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பி வழி கேட்பார்கள்.

ஊர் என்ன சொன்னது என்பதும் உங்களுக்குத் தெரியும். நம் வீட்டு விறாந்தையில் இருந்து, உங்கள் காதுக்குக் கேட்கும்படியாகவே ஒரு உறவுக்காரி சொன்னாள்: “தானும் வளரேல்லை, மரத்தையும் வளர விடுறாளில்லை.” தேத்தண்ணித் தட்டை அப்படியே வைத்துவிட்டு உங்கள் அறைக்குள் ஓடிவந்தேன். நீங்கள் ஒரு ஜேட்டின் இலையைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

“வளர விடாட்டி இது எப்பவோ செத்திருக்கும்” என்றீர்கள். “உள்ள வந்து வேரைப் பாக்கச் சொல்லும். வேரைப் பாத்திட்டுக் கதைக்கட்டும்.”

அவள் உள்ளே வரவில்லை. பேசியவர்களில் ஒருவர்கூட அந்த அறைக்குள் வந்து பார்க்கவில்லை.

பங்குனியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. அஞ்சாம் நாள் நெஞ்சு நோகிறது என்றீர்கள், அன்று பின்னேரமே போய்விட்டீர்கள். அதைப் பற்றி நான் ஒருவரோடும் சண்டை பிடிக்க முடியாது. என் சண்டை அதற்குப் பிறகு நடந்ததோடு.

எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று வீடு நிறையச் சனம். லண்டனில் இருந்து உங்கள் பெரியண்ணையும் (எனக்குப் பெரியத்தான்) அவர் மனைவி இந்திரா அக்காவும் வந்திருந்தார்கள். நான் குசினியில் படையலுக்கான கறிகளோடு நின்றேன். உங்கள் அறைப் பக்கம் சாடிகள் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கூட்டுவதற்காக அரக்கி வைக்கிறார்கள் என்று நினைத்தேன் என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். எனக்கு விளங்கியது, மச்சாள். முதல் நாளே இந்திரா அக்கா அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்தில் விளங்கிவிட்டது. ஆனாலும் நான் போகவில்லை. சபைக்கு நடுவில் வந்த மருமகள் வாய் காட்டினாள் என்ற பேர் வேண்டாம் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கோபத்தின் முதல் பங்கு எனக்கு.

பந்தி முடிந்து நான் வெளியே போனபோது மணி மூன்று இருக்கும். வேலியோரம், உச்சி வெயில் முழுக்கத் தின்று முடித்த இடத்தில், பதினொரு சாடியும் கிடந்தன. அறைக்குள் பழகிய இலைகள் அந்த வெயிலைத் தாங்குமா? நெருப்புச் சுட்டது போல் சிவந்து கருகியிருந்தன. இரண்டு ஆடுகள் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. நல்லூரில் வாங்கிய அந்த முதல் மரம் அடியோடு முறிந்து சாடிக்கு வெளியே கிடந்தது.

நான் நேரே இந்திரா அக்காவிடம் போனேன்.

“நீர் குறை நினைக்கக் கூடாது கௌரி” என்றார். குரல் கனிவாகத்தான் இருந்தது. “குட்டை மரம் வீட்டுக்குள்ள நிண்டால் வம்சம் தழைக்காது எண்டு அங்க வாஸ்து பாக்கிறவர் ஒராள் சொன்னவர். என்ரை பிள்ளை எட்டு வருஷமாப் படுற பாடு உமக்குத் தெரியாது.”

“அக்கா, உங்கட பிள்ளை இருக்கிறது லண்டனில. மரம் நிண்டது மடத்துவெளியில.”

“குடும்பம் ஒண்டுதானே.”

“அப்ப என்ரை பிள்ளையள் ரெண்டும்? அதுகள் பிறந்தது இந்த மரங்கள் நிண்ட வீட்டிலதானே?”

“அது உங்கட அதிர்ஷ்டம்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியத்தான் கதிரையில் இருந்தபடி, “செத்த வீட்டில ஏன் கதையை வளக்கிறீர்? செடிதானே” என்றார்.

செடிதானே! பதினாலு வருஷம் உங்கள் அறைக்குள் ஒருதரம்கூட அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்திராத மனிதர் அந்தச் சொல்லைச் சொன்னார். ஒரு தாயின் தவிப்பு எனக்கு விளங்காமல் இல்லை, மச்சாள். ஆனால் அந்தத் தவிப்புக்கு ஒரு குற்றவாளி வேண்டுமென்றால், நடக்க முடியாத ஒரு பெண் வளர்த்த மரம்தானா அகப்பட்டது? நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் தூக்கியிருப்பார்களா? இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரிடமும் கேட்கவில்லை. மறுமொழிக்கு எனக்குப் பயம்.

உயிர் இருந்தவற்றை நானும் உங்கள் தம்பியும் உள்ளே கொண்டுவந்தோம். நாலு தேறும் போல இருந்தது. முறிந்த துண்டுகளை நீங்கள் சொல்வது போல் நிழலில் பத்து நாள் கடதாசியில் போட்டு வைத்தேன், காயம் காய்ந்த பிறகுதான் மண்ணில் குத்தினேன். ஆனால் நாலில் ஒன்றை உங்கள் தம்பி கொன்றுவிட்டார். எனக்குத் தெரியாமல் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இலை மஞ்சளாகி, வேர் அழுகி, தூக்கிப் பார்க்கக் கையோடு வந்தது. “வாடியிருந்தது, தண்ணி கேக்குதாக்கும் எண்டு நினைச்சனான்” என்று சாடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் போன அன்றுகூட அழாத மனிதர். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கல்வெட்டு வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். பெரியத்தான் லண்டனுக்குப் போகாமல் நின்று எழுதி அச்சடித்தது. உங்கள் படம் வடிவாகத்தான் இருந்தது. கீழே வாசித்தேன்: “நடக்க இயலாதவராயினும் உடன்பிறந்தோரின் பராமரிப்பில் தங்கியிருந்து, பொறுமையே உருவாக வாழ்ந்தார்.” ஐயாவின் பெயர், அம்மாவின் பெயர், வெளிநாட்டில் இருக்கிற பெறாமக்கள், அதுதான் கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள், எல்லாருடைய பெயரும் இருந்தன. நீங்கள் செய்த ஒரு காரியம்கூட அதில் இல்லை. தங்கியிருந்தீர்களாம். பொறுமையாம். செப்புக் கம்பி முறிந்தால் உங்கள் வாயில் வருகிற வார்த்தைகள் எனக்கல்லவா தெரியும்?

மாற்றி அடிக்க நேரமில்லை என்றார்கள். சரி என்று நான் ஒரு நீலப் பேனையை எடுத்துக்கொண்டு உங்கள் அறையில் போய் இருந்தேன். கட்டுக் கட்டாக இருந்த எல்லாப் புத்தகத்திலும், அந்த வரிக்குக் கீழ், என் கையெழுத்தில் எழுதினேன்: “இவர் தன் அறைக்குள் பதினொரு மரங்களை வளர்த்தவர். மரம் வாடினால் இலங்கை முழுக்க இருந்து ஆட்கள் இவரிடம்தான் கேட்பார்கள்.” காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாடு தாண்டியும் எழுதினேன். விரல் வீங்கிவிட்டது.

அந்தியேட்டி அன்று, சனத்துக்கு நடுவில் பெரியத்தான் ஒரு பிரதியை விரித்துப் பிடித்தார். “ஆர் இதை எழுதினது?”

“நான்தான் அத்தான்.”

“ஆரைக் கேட்டு எழுதினீர்?”

“நீங்கள் ஆரைக் கேட்டு மரத்தை எறிஞ்சனீங்கள்?”

அவர் புத்தகத்தை மடித்து வைத்தார். அதற்குப் பிறகு போகும் வரை என்னோடு கதைக்கவில்லை. அது எனக்கு ஒரு இழப்பாகத் தெரியவில்லை.

இனி நான் சொல்லப் போவது உங்களுக்கு முன்பே தெரியும். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனில் இருந்து அனுஷா அழைத்தாள். இந்திரா அக்காவின் மகள், யாருக்காக மரங்கள் வெளியே போனதோ அந்தப் பிள்ளை.

“சித்தி, யோகம் மாமியின்ரை மரங்களை என்ரை பேரைச் சொல்லியோ எறிஞ்சவை?”

“ஆர் பிள்ளை சொன்னது?”

“அம்மாதான். எனக்கு ஏதோ நன்மை செய்த மாதிரிச் சொன்னவ.” பிறகு சொன்னாள்: “நானும் மாமியும் ஆறு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறனாங்கள். ‘விசேஷம் ஏதும் உண்டோ’ எண்டு என்னட்டை ஒருநாளும் கேக்காத ஒரே ஆள் அவ. மரத்தைப் பற்றித்தான் கதை. என்னட்டையும் ஒரு ஜேட் நிக்குது சித்தி. மாமி சொல்லிச் சொல்லி வளத்தது. குளிருக்க ஹீற்றருக்குக் கிட்ட வைக்காதையும் எண்டு எத்தினை தரம் பேசினவ.”

“அம்மாக்குத் தெரியுமோ?”

“வீட்டுக்கு வந்தால் பாக்கிறவதான். ஏதோ பூக்கண்டு எண்டு நினைக்கிறா.”

“பிள்ளை, அம்மா அறிஞ்சால் உமக்குப் பிள்ளை இல்லாததுக்கு அதைத்தான் சாட்டுவா” என்றேன்.

“மரம் வாறதுக்கு முதலே ரெண்டு வருஷம் டொக்டரிட்டைத் திரிஞ்சனான். அது அம்மாக்கும் தெரியும்” என்றாள். “நான் அவவுக்குச் சொல்லத்தான் போறன். நீங்களும் எழுதுங்கோ சித்தி. ஒளிக்க வேண்டாம்.”

அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். சொன்னபடி தாய்க்கும் சொல்லிவிட்டாள். இரண்டு கிழமை தாய் அவளோடு பேசவில்லையாம், இப்போது பேசுகிறாராம். ஆனால் மச்சாள், உங்களோடும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அடுத்த அறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்கு ஏன் ஒரு சொல் சொல்லவில்லை? ஞாயிறு பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடோ சிரிப்பீர்கள். பழைய சிநேகிதி என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையின் மனதை நீங்கள் காத்த மாதிரி வேறு ஒருவரும் காக்கவில்லை என்று சபையில் சொல்லியிருப்பேனே. அதனால்தான் சொல்லவில்லையோ?

இப்போது மார்கழி. இந்த முறை நல்ல மழை, உங்கள் போத்தல்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. மூன்று மரமும் நிற்கின்றன. குத்தி வைத்த துண்டுகளில் ஐந்து வேர் விட்டிருக்கின்றன. அடேனியத்தில் வெள்ளைப் பஞ்சுப் பூச்சி வந்தது, ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்தேன். உங்கள் போனுக்கு இன்னும் படங்கள் வருகின்றன. மட்டக்களப்பில் ஒரு தாதி, தன் ஜேட்டின் இலை சுருங்குகிறது என்று கேட்டிருந்தாள். நீங்கள் இல்லை என்று முதலில் எழுதினேன். பிறகு, மண்ணுக்குள் விரலை விட்டுப் பாரும், காய்ந்திருந்தால் ஒருதரம் நிறைய ஊற்றி வடிய விடும் என்று எழுதினேன். இலை நிமிர்ந்துவிட்டது என்று நேற்றுப் படம் அனுப்பியிருக்கிறாள்.

பங்குனியில் உங்கள் ஆட்டைத் திவசம், ஒரு வருஷம் முடிகிறது. லண்டனில் இருந்து எல்லாரும் வருகிறார்கள், அனுஷாவும் வருகிறாள். கிழக்கு அறையைப் பெட்டிகள் வைக்க ஒழித்துத் தரச் சொல்லிப் பெரியத்தான் தம்பியிடம் கேட்டிருக்கிறார். தம்பி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. அவரே போனை எடுத்து, “அந்த அறை தர ஏலாது அண்ணை, அதுக்குள்ள அக்கான்ரை மரம் நிக்குது” என்று சொன்னார். அவர் வாயால் அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

இது என் வாக்கு, மச்சாள். அந்த மரங்களை இனி யார் தொடுவதென்றாலும் முதலில் என்னிடம் வந்து கேட்க வேண்டும். சபைக்கு நடுவில் கேட்கட்டும். சபைக்கு நடுவிலேயே மறுமொழி சொல்வேன்.

உங்கள் தம்பி பெண்சாதி,
வாய் காட்டத் தொடங்கிவிட்ட மச்சாள்,
சிவகௌரி