மச்சில் ஒரு சதுரம்

செப்டம்பர் 3

மச்சில் இருந்த சதுரத் திறப்பைப் பலகை அடித்து மூடியாயிற்று. இனி மாடி அறை ஏ.சி. குளிர் கீழே இறங்காது, பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம். வெள்ளம் வந்தால் சாமான்களைக் கயிறு கட்டி மேலே இழுக்க எங்கள் ஆற்றங்கரை ஊர் ஹோய் ஆனின் பழைய வீடுகளில் இப்படி ஓர் ஓட்டை. மூன்று வருடமாகத் தண்ணீர் வாசலைத் தாண்டவில்லை. அனுமதி? கேட்டால் கொடுத்துவிடுவார்களாக்கும்.

மாமனார் கட்டிலில் படுத்தபடி மேலே கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு இல்லை. தலைக்கு மேலிருந்த விசிறியைப் போட்டேன்.

செப்டம்பர் 19

தூயென் வந்தாள். மூன்று வீடு தள்ளி வளர்ந்தவள், இப்போது பழைய வீடுகளைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் வேலை. டார்ச் அடித்து மச்சைப் பார்த்தாள்.

“அக்கா, இதைத் திறந்துடுங்க. அமைப்பை மாத்தக் கூடாதுன்னு தெரியும்ல? மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்.”

“கூரை ஓடு ஒழுகுதுன்னு மனு குடுத்து ஒன்றரை வருஷமாச்சு. அதைப் பாக்க உன் டார்ச் எரியலையோ?”

அவள் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எதற்கு?

செப்டம்பர் 20

தெருவே என் பக்கம். பக்கத்து வீட்டுத் தோவான் அண்ணன், “வீடு நம்மளது, ஆணி அடிக்க அவங்க கையெழுத்தா?” என்று கத்தினார். பாதுகாப்புப் பட்டியலிலிருந்து தெருவை எடுக்கச் சொல்லி மனு. முதல் கையெழுத்து நான்.

தூயென் காலையில் என் கடைக்குச் சாப்பிட வந்தாள். அவள் மேசையில் ஒருவரும் உட்காரவில்லை. நானும் நூடுல்ஸ் கிண்ணத்தை நங்கென்று வைத்தேன்.

செப்டம்பர் 30

திறக்கவில்லை.

அக்டோபர் 11

நான்காம் நாள் மழை. இருப்புக்கொள்ளவில்லை. ஆற்றைப் போய்ப் பார்க்கிறேன், வருகிறேன், மறுபடி போகிறேன்.

“ரெண்டு பலகையாவது கழட்டட்டுமா?” என்றார் கணவர் கியெட்.

“வேணாம். அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.”

மாமனார் மறுபடி மேலே கை காட்டினார். இந்தக் குளிரில் விசிறியா? போர்த்திவிட்டேன்.

அக்டோபர் 13

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் தண்ணீர் வாசல்படி வரை. பத்து மணிக்கு முழங்கால். அப்புறம் கட்டில் விளிம்பு. ஏணி மாதிரி செங்குத்துப் படியில் மாமனாரை ஏற்ற முடியவில்லை. கியெட் மேலே போய்க் கோடாலியால் பலகையைப் பிளந்தார். நான் இடுப்பளவு தண்ணீரில் மாமனாரின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு — ஐயோ, சீக்கிரம், சீக்கிரம்னு கத்துறேன். எங்கள் கயிற்றைத்தான் நான் துணி காயப்போட வெட்டிவிட்டேனே!

தூயென் தண்ணீரில் நடந்து வந்தாள், தோளில் கயிற்றுச் சுருள். “மாமாவால ஏற முடியாதுன்னு தெரியும்க்கா” என்றாள். பின்னாலேயே தோவான் அண்ணன். மாமனாரைச் சுற்றி நான் கட்டிய ஒரே கயிற்றை மூவரும் மேலிருந்து இழுத்தார்கள். ஏறிவிட்டார்.

நான் மருமகளாக வந்த புதிதில் வந்த பெரிய வெள்ளத்தில், நிறைமாதமாக இருந்த என்னை மாமனார் தூக்கியது இதே சதுரம் வழியாகத்தான். அவர் மேலே கை காட்டியது இதைத்தானா? எப்படி மறந்தேன்? சே.

அக்டோபர் 17

சேறு. சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் கியெட் கோடு போட்டார். கோடு கட்டிலுக்கு மேலே இருந்தது. 

நவம்பர் 2

சதுரத்துக்குக் கீல் வைத்த மூடி போட்டேன். தூயென் பார்த்துவிட்டு, “இதுக்கும் அனுமதி வேணும்க்கா” என்றாள்.

“எழுதிக்கோ. கூரை ஓடு மனு எந்த மேசையில தூங்குதுன்னும் பாத்துச் சொல்லு.”

சிரித்தாள். தோவான் அண்ணனிடம் பட்டியல் மனுவை வாங்கி என் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: “கூரை ஓடுகளை உடனே மாற்ற விடுங்கள். மச்சுத் திறப்பை யாரையும் பலகை அடித்து மூட விடாதீர்கள்.” தோவான் அண்ணன் முறைத்தார். அப்புறம் பேனாவை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் புழுக்கம். மாமனார் மேலே கை காட்டினார். அவர் காதருகே குனிந்தேன்.

“திறந்துதான் மாமா இருக்கு. இனிமே பலகை அடிச்சு மூட மாட்டேன்.”

இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி கை காட்டினார். விசிறிதான் வேண்டுமாம்.