அப்பாவின் எட்டு மணி மாத்திரை

மே 4, திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. சிங்கப்பூர் நாத்தனார் வந்து இறங்கிவிட்டாள். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை. சி. போதும். பெட்டி மூன்று, புத்திமதி முப்பது.

மாமனாருக்கு, நானும் அப்பா என்றே கூப்பிடுகிறவருக்கு, பக்கவாதம் வந்து ஐந்து மாதம். விழுங்க முடியாது, பேச்சும் போயிற்று. கஞ்சி, மாத்திரை எல்லாம் மூக்கில் போட்ட குழாய் வழியாக, என் கையால். வந்த அரை மணியில் சி. சொல்கிறாள்: "நாலு மாத்திரைக்கு ஒரு மணி நேரமா மன்னி? எங்கப்பாவை நான் பாத்துக்கறேன், நீங்க ரெஸ்ட் எடுங்கோ."

எங்கப்பாவாம். ஐந்து மாதம் எங்கே இருந்தாள்? ரவி பேப்பருக்குப் பின்னால். என் புருஷன் வாய் திறந்தால்தான் அதிசயம்.

மே 5, செவ்வாய்
தண்ணீர் லாரி வரவில்லை. வாங்க: 50 மில்லி சிரிஞ்சு 2, பிளாஸ்திரி, மகாராணிக்கு ஓட்ஸ் (இட்லி ஆகாதாம்).

சொன்னால் கேட்க மாட்டாள் என்று எழுதியே ஒட்டினேன், ஃபிரிட்ஜில்:
மாவாகப் பொடிக்க.
தனித்தனி டம்ளர். வெதுவெதுப்பான தண்ணீர். பாலில் கூடவே கூடாது.
பத்து நிமிஷம் ஊற வேண்டும், நடுநடுவே கலக்க.
மஞ்சள் மாத்திரை என்ன செய்தாலும் முழுக்கக் கரையாது. கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிய கையோடு செலுத்த.

"இதென்ன, கெமிஸ்ட்ரி லேபா?" என்றாள். கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

மே 6, புதன்
வாரம் ஒருமுறை வந்து குழாய் பார்க்கும் நர்ஸ் செல்வி வந்தாள். சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா, குருணையா ஒட்டிக்கினு கீது? உன் கை மாதிரி இல்லியே" என்றாள். சி. பக்கத்திலேயே. எனக்கு உள்ளே தித்தித்தது.

வடக்கு மாட வீதியில் வாழைத்தண்டு இல்லை. திரும்பி வந்தால் சி. போனில்: "என் கையால குடுத்தா அப்பா தெளிவா இருக்கார்."

மே 7, வியாழன்
காலை எட்டு. ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. சி. நான்கு மாத்திரையையும் ஒன்றாகத் தட்டி, ஒரே டம்ளரில், ஃபிரிட்ஜ் தண்ணீர். இரண்டு சுற்றுக் கலக்கினாள். அடியில் கட்டி கட்டியாக. பார்த்தேன். சொல்லவில்லை. படட்டும் என்றுதான் நின்றேன்.

குழாய் அடைத்துக்கொண்டது. வெந்நீர் ஏற்றி, இழுத்து, என்ன செய்தும் அசையவில்லை. செல்வியைக் கூப்பிட்டேன்; பழையதை உருவிப் புதிதாகப் போட்டாள். இரண்டு முறை தவறி, மூன்றாவதில்தான் இறங்கிற்று. மூக்கில் ரத்தம். தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டது நான். அவர் கண்ணீர் என் கையில் வழிந்தது. சி. வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

"மன்னி, மேடைகிட்டதானே இருந்தேள். பாக்கலியா?"

"கவனிக்கலை" என்றேன்.

பட்டது அவள் இல்லை, அவர். நான் என்ன ஜென்மம்?

மே 8, வெள்ளி
கரண்ட் இல்லை. புழுக்கம். சி. காலையில் எழுந்து, "மாத்திரை நீங்களே குடுங்கோ" என்றாள். அவ்வளவுதான். ஜெயித்தாயிற்று.

மாவாகப் பொடித்தேன். நான்கு டம்ளர். பத்து நிமிஷம். சிரிஞ்சோடு போய் நின்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அசைகிற ஒரு கையைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டார்.