ஐந்நூற்றைம்பதில் ஒரு கோடு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், கோபிக்காதீர்கள். குட்டிக்கு நான்கு மாதம். தொட்டிலில் போட்டால் விழிக்கிறாள், எடுத்தால் தூங்குகிறாள்.

வெள்ளிக்கிழமை நம் துகள் மோதல் சோதனையின் தரவைத் திறக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும். டாப் குவார்க் என்ற அடிப்படைத் துகளுக்கு இன்னும் கனமான ஒரு ஜோடித் துகள் இருந்தால், அது சிதையும்போது கொஞ்சம் ஆற்றல் கருவிக்குத் தப்பிப் போகும். எவ்வளவு தப்பினால் கணக்கில் சேர்ப்பது என்று கோடு போட்ட பிறகே தரவைப் பார்க்கலாம். முதலில் பார்த்தால் ஆசைப்பட்ட இடத்தில் கோடு விழும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

விடுப்புக்கு முந்தின வாரம், அக்டோபர் ஒன்பதாம் தேதி, தரவை மறைத்துவைக்கும் மறைப்பைப் போட மறந்து நிரலை ஓட்டிவிட்டேன். திரையில் தரவின் படம் வந்தது. உடனே மூடினேன். தப்பும் ஆற்றலுக்கான கோட்டை ஐந்நூற்றிலிருந்து ஐந்நூற்றைம்பதுக்கு நகர்த்தியதைக் கணினியில் ஏற்றியது பிறகுதான். ஆனால் முடிவெடுத்தது முன்பா, பின்பா? பால் பவுடர் எத்தனை கரண்டி போட்டேன் என்பதே மறந்துபோகிறது, அக்கா.

உங்கள் தங்கை

மார்ச் 4

அசடே,

முன்பே முடிவெடுத்திருப்பாய். மறுபடி தொடங்கினால் எட்டு மாதம் ஆகும். என் ஒப்பந்த வேலை ஜூனோடு முடிகிறது, தெரியும்தானே? குழுத் தலைவரிடம் வாயைத் திறக்காதே. போய்த் தூங்கு. குட்டிக்கு முத்தம்.

அக்கா

மார்ச் 5

அக்கா,

தூங்கத்தான் பார்த்தேன். பிறகு குட்டி வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் சீட்டைத் தேடி எடுத்தேன். ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் அதன் பின்னால் கிறுக்கியிருக்கிறேன்: 500 என்று எழுதி, அடித்து, 550. சீட்டில் தேதி அக்டோபர் பன்னிரண்டு. பார்த்த பிறகுதான் நகர்த்தியிருக்கிறேன். அந்தப் படம் கையைப் பிடித்து இழுத்ததா? சத்தியமாகத் தெரியவில்லை. நகர்த்தியதற்கு நல்ல காரணமும் இருந்தது, அதுதான் குழப்புகிறது.

தலைவருக்கு எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. "அனுப்பறதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் வீட்டுக்காரர். "கேட்டிருந்தா எழுதியே இருக்க மாட்டேன்" என்றேன்.

தங்கை

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தரவைத் திறக்கவில்லையாம். வேறொருவர் புதிதாகக் கோடு போடுவாராம். உங்கள் ஜூன் மாதத்தைப் பற்றித் தலைவர் ஒன்றும் எழுதவில்லை. நான் அவரிடம் கேட்டிருக்கிறேன்.

இரண்டு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமா, வேலை தேடும் அலைச்சலா? எதுவென்று வைத்துக்கொள்வது?

குட்டி இன்று முதல்முறையாகக் குப்புற விழுந்தாள். நான் பார்க்கவில்லை. துணி மடித்துவிட்டுத் திரும்பினால் கவிழ்ந்து கிடக்கிறாள். எந்தப் பக்கமாகப் புரண்டாளோ. நிமிர்த்திப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த முறை புரள்வதைப் பார்த்ததும் சொல்கிறேன்.

தங்கை