பொம்மை நடந்தது

பெரிய காஞ்சிபுரம்
ஆகஸ்ட் 1968

அன்புள்ள உங்களுக்கு,

ஆஸ்பத்திரியில் தினம் முட்டை சாப்பிடுகிறீர்களா? அதைப் பிறகு எழுதுங்கள். முதலில் இதைக் கேளுங்கள். நம் தறிக்காரி பொம்மை நடந்துவிட்டது!

நீங்கள் செய்துவைத்த மரக் கால்கள் நிற்கவே இல்லை. பட்டுக்கடை விளம்பரத்துக்குப் படமெடுக்கும் சபாபதி ஒரு படம் பிடித்து, பொம்மையின் காலை ஒரு நூல் அளவு நகர்த்தி, அடுத்த படம் பிடிப்பதற்குள் அது மடங்கி விழுந்தது. "விட்டுடலாம்மா, உங்க வீட்டுக்காரர் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எப்போது வருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

கோபப்படாதீர்கள். அந்தக் கால்களைக் கழற்றிவிட்டேன். செம்புக் கம்பியை முறுக்கி எலும்பாக்கி, பஞ்சு சுற்றி, பாதத்தில் ஈயம் வைத்தேன். முதலில் சாய்ந்தது. பாதத்தை அகலமாக்கியதும் ஒற்றைக் காலிலேயே நின்றது! முகத்தை மட்டும் தொடவில்லை. அது உங்கள் கைவேலை.

சபாபதி மறுபடி வந்து படம் பிடித்தார். நேற்று அதை நம் வீட்டுச் சுவரிலேயே ஓட்டிக் காட்டினார். பொம்மை புடவையைத் தூக்கிப் பிடித்து நடந்துபோய்த் தறிக் குழியில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு அலமு, "அய்யய்யோ, உசுரோட நடந்துக்கினு வருதுமா!" என்று கத்தினாள். சபாபதியோடு வந்த பட்டுக்கடை முதலாளி, "காலை யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

அடுத்து ஒரு காளை கேட்டிருக்கிறார்கள். பூவரசங்கட்டை அனுப்பியிருக்கிறேன், படுத்தபடியே செதுக்கலாம். தலையும் கொம்பும் நீங்கள் செய்யுங்கள். எத்தனை மாதம் ஆனாலும் சரி, காத்திருப்பதாக முதலாளியிடம் எழுதி வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி